இறுகிப்போன நட்டைக் கழற்றும் முறை

நம் விடுதியில் உள்ள மோட்டார் சைக்கிள்களுள் பாதிக்கு மேற்பட்டவை புதிதாக வாங்கியவை அல்ல, வழிவழியாக வந்தவை. படிப்பு முடித்துச் செல்லும் மூத்த மாணவர், தம் வண்டியை அடுத்த ஆண்டு மாணவருக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். வண்டியோடு சாவியும் பதிவுச் சான்றிதழும் கைமாறுகின்றன. ஆனால் எந்த நட்டு எத்தனை ஆண்டாக அவிழ்க்கப்படவில்லை என்ற செய்தி மட்டும் கைமாறுவதில்லை. அதை நாமே ஒருநாள் ஸ்பானரும் கையுமாக உட்கார்ந்து கண்டறிய வேண்டியிருக்கிறது.

எனக்கு அந்த நாள் சென்ற மார்கழியில் வந்தது. என்னுடையது 100 சி.சி. வண்டி. தூத்துக்குடி நண்பர் ஒருவர் ஊரிலிருந்து ரயிலில் ஏற்றிக் காசிக்குக் கொண்டுவந்தது. அவருக்குப் பின் இருவர் ஓட்டி, நான்காவதாக என்னிடம் வந்தது. சங்கிலி தளர்ந்து போயிருந்தது. இத்தகைய வண்டிகளில் சங்கிலியின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்தால் 20 முதல் 30 மில்லிமீட்டர் அளவே ஆட வேண்டும். என் வண்டியில் அது அதைப்போல் இரு மடங்கு ஆடியது. இந்த அளவு தளர்ந்த சங்கிலி, பல்சக்கரத்தை விட்டு நழுவலாம். நழுவியது சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கிக்கொண்டால், ஓடும்போதே பின் சக்கரம் நின்றுபோகும். பனி மூடிய காலையில், லாரிகளுக்கு நடுவே, அப்படி நடப்பதை எண்ணிப் பாருங்கள். ஆகவே சங்கிலியை அன்றே இறுக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சங்கிலியை இறுக்கப் பின் சக்கர அச்சின் நட்டைத் தளர்த்தியாக வேண்டும். என்னிடம் இருந்தது, வாயை அகட்டவும் குறுக்கவும் கூடிய ஸ்க்ரூ ஸ்பானர் ஒன்று. அதை மாட்டி இழுத்தேன், நட்டு அசையவில்லை. காலால் மிதித்தேன், ஸ்பானர் வழுக்கிற்று. மூன்றாம் முறை மிதித்தபோது நட்டின் முனைகள் மழுங்கின, ஸ்பானர் தெறித்தது, என் வலக்கை விரல் முட்டிகள் சைலன்ஸரில் மோதிக் கிழிந்தன. மறுநாள் செய்முறைத் தேர்வில் கட்டுப் போட்ட கையால் எழுதினேன். நட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

இக்கட்டுரை அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டது. கற்பித்தவர் லங்கா கடைத்தெருவில் மரத்தடியில் வண்டி பழுது பார்க்கும் ஒரு முதியவர். நாங்கள் எல்லாரும் அவரைச் சாச்சா என்றே அழைப்போம். அவர் சொன்ன காரணங்களில் சிலவற்றை நான் பின்னர் நூலகத்தில் சரிபார்த்துக்கொண்டேன்.

முதலில், ஒரு நட்டு ஏன் தன் இடத்தில் நிற்கிறது என்று பார்ப்போம். போல்ட்டின் மரை என்பது ஓர் உருளையைச் சுற்றி ஏறும் சரிவுப் பாதையே அன்றி வேறில்லை. 12 மில்லிமீட்டர் அச்சு ஒன்றில் மரை ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சுற்றின் நீளம் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர். எனவே சரிவு 28-க்கு 1. இவ்வளவு மென்மையான சரிவில் எண்ணெய் தடவிய இரும்பு கூடத் தானாக வழுக்கி இறங்காது. உராய்வு அதைத் தடுத்து நிறுத்தும். நாம் நட்டை முறுக்கச் செலவிடும் விசையில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து இறுக்கப் பயன்படுகிறது. மற்ற ஒன்பது பங்கும் நட்டின் அடிப்பரப்பிலும் மரையிலும் உராய்வுக்கே போய்விடுகிறது. இதை வீண் என்று சொல்லக் கூடாது. அந்த உராய்வு இல்லாவிட்டால் உலகில் ஒரு நட்டும் நிற்காது.

சரிவோ கழற்றுவதற்குச் சாதகமானது. ஆகையால் சுத்தமான நட்டு ஒன்றை அவிழ்ப்பது, அதை முறுக்கியதைவிடச் சற்று எளிதாகவே இருக்க வேண்டும். அவ்வாறு இல்லையெனில் நட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையில் மூன்றாவதாக ஏதோ புகுந்திருக்கிறது என்று பொருள். அந்த மூன்றாவது பெரும்பாலும் துரு.

துரு ஏன் இவ்வளவு இறுக்குகிறது? இரும்பு நீரோடும் பிராணவாயுவோடும் சேர்ந்து துருவாகும்போது, தான் முன்பு அடைத்திருந்த இடத்தைப்போல் இரு மடங்குக்கும் மேலான இடத்தை அடைக்கிறது. திறந்த வெளியில் இருக்கும் இரும்புக்கு அதனால் ஒன்றுமில்லை. துரு உப்பி உதிர்ந்துவிடும். மரையின் இடுக்கிலோ அது உதிர்ந்து போக வழியில்லை. அங்கேயே நெருங்கி, ஆப்பு அடித்ததுபோல் இரு பக்கத்தையும் நெருக்கிக்கொண்டு நின்றுவிடுகிறது. உப்புக் காற்றுப் பட்ட வண்டியானால் கேட்கவே வேண்டாம். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. அந்த ஈரத்தில் மின்னோட்டம் எளிதாகச் செல்வதால் துருப்பிடித்தலும் விரைகிறது. உப்பளங்கள் நிறைந்த தூத்துக்குடியில் பிறந்த என் வண்டி, கடலே காணாத காசியில் வந்து இறுகிக்கொண்டதன் மர்மம் இதுதான்.

இனிச் செய்முறைக்கு வருவோம். சாச்சா என் வண்டியைப் பார்த்ததும் முதலில் கேட்ட கேள்வி, "எந்தப் பக்கம் திருப்பினாய்?" என்பது. சிரிக்க வேண்டாம். குனிந்தும் படுத்தும் தலைகீழாகப் பார்த்தும் வேலை செய்யும்போது இடம் வலம் மாறிப் போவது மிக எளிது. நட்டின் முகத்தை நேரே பார்ப்பதாக எண்ணிக்கொண்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால் அவிழும். விதிவிலக்கும் உண்டு. சைக்கிளின் இடப்பக்க மிதியடியும், சில மோட்டார் சைக்கிள்களின் வலப்பக்கக் கண்ணாடியும் இடது மரை கொண்டவை. அவிழ்ப்பதாக எண்ணி மேலும் இறுக்கியவர் நம் விடுதியிலேயே உண்டு, பெயர் வேண்டாம்.

இரண்டாவது கேள்வி ஸ்பானரைப் பற்றியது. ஸ்க்ரூ ஸ்பானரை அவர் தொடக்கூட இல்லை. அதன் தாடை தளர்ந்து, நட்டின் இரண்டு முனைகளை மட்டுமே பற்றும். அழுத்தம் முழுவதும் அந்த முனைகளிலேயே விழுந்து அவற்றை மழுக்கிவிடும். வாய் திறந்த சாதாரண ஸ்பானரும் இறுகிய நட்டுக்கு ஆகாது. வளைய ஸ்பானர் நன்று. ஆறு முகம் கொண்ட பாக்ஸ் ஸ்பானர் எல்லாவற்றினும் நன்று. வளையத்தில் பெரும்பாலானவை பன்னிரண்டு முனை உள்ளவை. அவை முனைக்கருகில் பற்றும். ஆறு முகமுள்ளது, முனையைவிட்டுச் சற்று உள்ளே தள்ளி, முகத்தின் மேல் பற்றும். அளவும் மிகச் சரியாக இருக்க வேண்டும். பழைய புல்லட் வைத்திருப்போர் ஒன்று கவனிக்க வேண்டும். 1955-இல் சென்னைத் திருவொற்றியூரில் தொடங்கிப் பல ஆண்டுகள் செய்யப்பட்ட அவ்வண்டிகளில் பிரிட்டிஷ் அளவு மரைகளும் நட்டுகளும் இருந்தன. அவற்றில் மில்லிமீட்டர் ஸ்பானரை ஏறக்குறையப் பொருந்துகிறதே என்று மாட்டினால், நான் செய்ததையே நீங்களும் செய்வீர்கள்.

என் நட்டு 19 மில்லிமீட்டர் அளவுள்ளது, முனைகள் மழுங்கிவிட்டன. சாச்சா ஓர் அரத்தை என் கையில் கொடுத்தார். ஆறு முகங்களையும் ஒவ்வொரு மில்லிமீட்டர் அராவி, நட்டை 17 ஆக்க வேண்டும். அப்போது 17-ஆம் எண் பாக்ஸ் ஸ்பானரைத் தட்டி ஏற்றலாம். எப்படியும் அந்த நட்டு குப்பைக்குத்தான் போகப் போகிறது. கெடுத்தவனே சரிசெய்ய வேண்டும் என்பது அவர் நியாயம் போலும். அராவி முடிக்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

அராவும் வேலைக்கு முன்பே அவர் நட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டார். இதுதான் முக்கியமான பகுதி. கம்பித் தூரிகையால் வெளியே தெரியும் மரையைத் தேய்த்து, மண்ணும் துருவும் போக்கிய பின்பே எண்ணெய் விட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் மண்ணை நனைப்பதோடு நின்றுவிடும். இடுக்கில் நுழைய எண்ணெய் மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்த எஞ்சின் ஆயில் தனியாகப் பயன்படாது. மண்ணெண்ணெயில் சிறிதளவு எஞ்சின் ஆயில் கலந்தது சாச்சாவின் மருந்து. மண்ணெண்ணெய் வழி திறக்கும். ஆயில் உள்ளே தங்கி வழுக்கும். கடையில் கிடைக்கும் தெளிப்பு எண்ணெய்களும் நல்லவையே. அவற்றுள் எல்லாரும் அறிந்த டபிள்யூ.டி.-40 என்பது 1953-இல் அமெரிக்காவில், உலோகத்தைத் துருப்பிடிக்காமல் காக்க, ஈரத்தை விலக்கும் பொருட்டுச் செய்யப்பட்டது. பெயரிலுள்ள 40, நாற்பதாவது முயற்சியில் அது அமைந்ததைக் குறிக்கிறது. எனவே இறுகிய நட்டுக்கென்றே செய்த ஊடுருவும் எண்ணெய் கிடைத்தால் அதுவே மேல். அசிட்டோனும் கியர் பெட்டிக்கு ஊற்றும் ஒருவகை மெல்லிய எண்ணெயும் சரிபாதி கலந்தால் மிக நன்றாக ஊடுருவும் என்பர். உண்மைதான், ஆனால் அசிட்டோன் வண்டியின் வர்ணத்தையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும், சட்டென்று தீப்பிடிக்கும். இரசாயன மாணவர்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து அதைக் கொண்டுவர வேண்டாம் என்று இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

தேங்காய் எண்ணெய் விடலாமா என்று அறை நண்பர் கேட்டார். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். மார்கழியில் நம் அலமாரிகளில் உள்ள தேங்காய் எண்ணெய்ப் புட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எண்ணெய் விட்டவுடன் ஸ்பானரை எடுக்கக் கூடாது. ஓர் இரவாவது ஊற வேண்டும். என் வண்டி மூன்று இரவு ஊறியது. காலையும் மாலையும் சில சொட்டு விட்டு, சுத்தியலால் தட்டுவேன். தட்டுவதிலும் முறை உண்டு. நட்டின் ஒரு முகத்தில் கனமான இரும்பு ஒன்றை அணைத்துப் பிடித்து, எதிர்முகத்தில் அரைக்கிலோச் சுத்தியலால் பளீரென்று சிறு அடிகள். பின் அடுத்த முகம். இந்த அதிர்ச்சியில் துரு நொறுங்கி விரிசல் விடும். விரிசலில் எண்ணெய் இறங்கும். அச்சின் நுனியில் மட்டும் அடிக்கக் கூடாது. நுனி தலை தட்டி விரிந்தால், துரு விட்ட நட்டுக்கூட வெளியே வராது. மற்றொன்று: பக்கத்தில் பிரேக் டிரம் இருக்கிறது. எண்ணெய் அதற்குள் புகுந்து பிரேக் கட்டையில் படிந்தால், நட்டு கழன்ற மகிழ்ச்சியில் புறப்பட்டவருக்கு முதல் திருப்பத்தில் பிரேக் பிடிக்காது. வழிந்ததை உடனே துணியால் துடைக்க வேண்டும்.

நான்காம் நாள் வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, அச்சின் மறுமுனையை வேறொரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டோம். பிடிக்காவிட்டால் நட்டோடு அச்சும் சேர்ந்து சுழலும். சாச்சா முதலில் செய்தது என்னை வியக்கவைத்தது. அவர் நட்டை அவிழ்க்கவில்லை, இறுக்கினார். மயிரிழை அளவுதான். "டிக்" என்று ஓர் ஒலி கேட்டது. பிறகுதான் எதிர்த்திசையில் இழுத்தார். கிறீச்சென்ற ஓலத்தோடு நட்டு கால் சுற்று வந்தது. உடனே பாதியளவு திரும்பவும் உள்ளே செலுத்தி, எண்ணெய் விட்டு, மறுபடி வெளியே. முன்னே இரண்டடி, பின்னே ஓரடி. ஒரே மூச்சில் சுற்றி எடுத்தால் நொறுங்கிய துருப்பொடி மரையில் அடைத்து, நடுவழியில் மீண்டும் சிக்கிக்கொள்ளுமாம்.

ஸ்பானரை எப்போதும் தன் பக்கமாக இழுக்க வேண்டும் என்பதும் அவரிடம் கற்றது. தள்ளித்தான் ஆக வேண்டுமென்றால் விரல்களை மடக்காமல் உள்ளங்கையால் தள்ள வேண்டும். என் முட்டித் தழும்புகள் இதற்குச் சான்று.

ஸ்பானரில் குழாய் மாட்டி நீட்டலாமா? இங்கேதான் நம்மிற் பலர் தவறு செய்கிறோம். பௌதிகத்தில் படித்த நெம்புகோல் விதி இங்கே நமக்கே பகையாகிறது. 15 சென்டிமீட்டர் ஸ்பானரில் 20 கிலோ விசை கொடுத்தால் 3 கிலோ-மீட்டர் திருப்புவிசை. 45 சென்டிமீட்டர்க் குழாயில் அதே கை 9 கிலோ-மீட்டர் கொடுக்கும். 12 மில்லிமீட்டர் அச்சு இதைத் தாங்கக்கூடும். ஆனால் சைலன்ஸர் எஞ்சினோடு சேரும் இடத்தில் இருக்கும் 6 மில்லிமீட்டர் ஸ்டட்டுகளை எண்ணுங்கள். அவற்றை முறுக்க 1 கிலோ-மீட்டரே போதும். ஏறத்தாழ இரு மடங்கானால் முறிந்துபோகும். அதாவது குழாயே வேண்டாம். சின்னஞ்சிறு 10-ஆம் எண் ஸ்பானரும் கோபமும் இருந்தாலே போதும்.

இதற்கும் நம் விடுதியில் ஓர் உதாரணம் உண்டு. பக்கத்து அறை நண்பர் சைலன்ஸரைக் கழற்ற முயன்றபோது நட்டு அசைவதுபோல் மெத்தென்று இடம் கொடுத்தது. கழல்கிறது என்று மகிழ்ந்து மேலும் இழுத்தார். ஸ்டட்டின் பாதி ஸ்பானரோடு கைக்கு வந்தது. மறுபாதி அலுமினிய சிலிண்டர் தலைக்குள் தங்கிவிட்டது. பிறகு எஞ்சினைப் பிரித்து, தலையை லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய், முறிந்த துண்டைத் துளையிட்டு எடுத்து, புது மரை போடவேண்டியதாயிற்று. இரண்டு வாரமும் ஒரு மாத உணவுவிடுதிக் கட்டணமும் அதில் போயின. இதிலிருந்து ஓர் அடையாளத்தை அறிந்துகொள்ளலாம். நட்டு கழலும்போது ஒலி எழும், கைக்கு வெடுக்கென்று தெரியும். ரப்பரை முறுக்குவதுபோல் மெத்தென்று, ஒலியின்றி இடம் கொடுத்தால் கழல்வது நட்டன்று, முறுகுவது ஸ்டட். அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும்.

நிறுத்தியபின் என்ன செய்வது? சூடு. எண்ணெய்க்கு அடங்காத நட்டு பெரும்பாலும் சூட்டுக்கு அடங்கும். உருக்கு ஒரு டிகிரி உஷ்ணம் ஏறினால் தன் அளவில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரிகிறது. நட்டை மட்டும் போல்ட்டைவிட 200 டிகிரி அதிகமாகச் சூடேற்றினால், 12 மில்லிமீட்டர்த் துளை ஏறக்குறைய 0.03 மில்லிமீட்டர் பெரிதாகும். தலைமயிரின் பருமனில் பாதிகூட இல்லை. ஆனாலும் துருவின் பிடி விட்டுப்போக அது போதும். சூடு போல்ட்டுக்குப் பரவுமுன் விரைவாகச் செய்ய வேண்டும். சூடான நட்டின் ஓரத்தில் மெழுகுவத்தியை வைத்தால் மெழுகு உருகி மரைக்குள் இழுக்கப்படும். இது பழைய பட்டறைத் தந்திரம். ஸ்டட் அலுமினியத்தில் இறுகியிருந்தால் எஞ்சினை மிதமாகச் சூடாக்குவதே நலம். அலுமினியம் உருக்கைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிவது. ஸ்டட்டின் பிடி தானே தளரும்.

ஆனால் என் அச்சு நட்டுக்குச் சூடு காட்டச் சாச்சா இசையவில்லை. அருகில் பேரிங்கின் கிரீஸும் சக்கரத்துக்குள் ரப்பர்த் துண்டுகளும் இருக்கின்றன. சில நட்டுகளின் உள்ளே தளராமலிருக்க நைலான் வளையம் உண்டு; அது உருகிவிடும். பெட்ரோல் டாங்கி அருகே, அல்லது மண்ணெண்ணெய் வழிந்த இடத்தில் நெருப்பு என்ற பேச்சே கூடாது. விடுதி அறைக்குள் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

ஒன்றுக்கும் அசையாத நட்டைக் கொன்றுவிடுவதே வழி. ஹாக்ஸா பிளேடால் நட்டின் ஒரு முகத்தில், அச்சின் போக்கிலேயே நெடுக அறுக்க வேண்டும். மரையைத் தொடுவதற்கு ஒரு நூலளவு முன்பே நிறுத்திவிட வேண்டும். பிறகு அந்த வெட்டில் உளியை வைத்து ஓங்கி அடித்தால் நட்டு பிளந்து வாயைத் திறக்கும். நட்டின் விலை சில ரூபாய். அச்சும் ஸ்டட்டும்தான் அருமையானவை. இதை முதலிலேயே உணர்ந்திருந்தால் நான் நட்டோடு இவ்வளவு மல்லுக்கட்டியிருக்க மாட்டேன். நட்டைக் காப்பாற்ற நினைத்துத்தான் பலர் ஸ்டட்டை முறிக்கிறார்கள்.

திரும்பப் பூட்டும்போது நான் புது நட்டுப் போட்டேன். மரையைத் துடைத்துச் சிறிதளவு கிரீஸ் தடவினேன். இனி அடுத்த உரிமையாளருக்கு அது இறுகாது. கிரீஸ் தடவிய மரையில் உராய்வு குறைவதால் அதே திருப்புவிசை போல்ட்டை அதிகமாக இழுக்கும். ஆகவே வழக்கத்தைவிடச் சற்றுக் குறைத்தே முறுக்க வேண்டும். சங்கிலியின் தளர்ச்சியைச் சரிசெய்கையில், இரு பக்கத்து அடையாளக் கோடுகளும் ஒரே எண்ணில் நிற்கின்றனவா என்று பார்த்தேன். இல்லாவிட்டால் சக்கரம் கோணலாக ஓடும். சங்கிலியை இழுத்ததால் பிரேக் கம்பியும் இறுகியிருந்தது; அதையும் தளர்த்தி, கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்த பின்பே வண்டியை எடுத்தேன்.

சாச்சா கூலி வாங்க மறுத்தார். தேநீர் மட்டும் குடித்தார். அவர் சொற்படி வாங்கிய பாக்ஸ் ஸ்பானர்களும், அரமும், கம்பித் தூரிகையும், மண்ணெண்ணெய்க் கலவைப் புட்டியும் நம் சங்க அறை அலமாரியின் அடித்தட்டில் இருக்கின்றன. உறுப்பினர் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். அருகிலுள்ள ஏட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு எடுக்கவும். 10-ஆம் எண் பாக்ஸ் இப்போதே காணவில்லை. எடுத்தவர் தயவுசெய்து கொண்டுவந்து வைத்துவிடவும்.